இரண்டு ஆமைப்பூட்டு

(செட்டிகுளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு அவற்றின் முகாமைத்துவத்தில் என்ன நடக்கிறது என்று பேசும்படி கேட்டார்கள். "உது கொழும்பில பேச வேண்டிய கதையெல்லோ?" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஐயா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் போனை எடுத்துப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். 072 என்று தொடங்கும் இலக்கம் ஒன்றாவது அதில் இருக்கும்.

அந்த 072 இன் கதை இது. 1989 இல் செல்டெல் என்ற நிறுவனம் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. 2007 இல் அதற்கு டிகோ என்று பெயர் மாற்றினார்கள். 2009 இல் அமீரக நிறுவனமான எட்டிசலாட் அதை வாங்கி, அடுத்த வருடம் தன் பெயரை வைத்தது. 2018 நவம்பர் 30 ஆம் திகதி எட்டிசலாட்டும் ஹட்சும் ஒன்றாகின, பெயர் ஹட்ச் ஆனது. இலக்கம் ஒன்று, பெயர் நான்கு. அந்த இலக்கத்தை வைத்திருப்பவர் மட்டும் அதே ஆள், அதே வீட்டில் இருக்கிறார்.

075 இன் கதை அதைவிடக் குறுகியது. 2009 ஜனவரியில், கிளிநொச்சி வீழ்ந்த அதே மாதத்தில், எயார்டெல் இந்த நாட்டில் சேவையைத் தொடங்கியது. நாங்கள் பதுங்குகுழிகளில் இருந்தபோது தெற்கில் ஐந்தாவது கொம்பனி வந்து நிமிடக் கட்டணத்தை வெட்டியது. மற்ற நால்வரும் வெட்டினார்கள். வெட்டு அளவுக்கு மிஞ்சிப் போனதால், 2010 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு தரை விலையை விதிக்க வேண்டி வந்தது. பிறகு 2022. ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது சில மாதங்களில் 360 அளவுக்குப் போனது. கோபுரத்துக்கு வாங்கும் கருவிக்கு டொலர் கொடுக்க வேண்டும், நாங்கள் போடும் ரீலோட் ரூபாயில் வருகிறது. மின்வெட்டு நேரத்தில் ஜெனறேற்றருக்கு டீசல் கிடையாது. இதைத் தாங்கச் சிறிய கொம்பனிக்கு முதுகெலும்பு போதாது. 2024 ஜூன் 26 ஆம் திகதி எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது. அதற்கு ஈடாக இந்தியாவின் பார்தி எயார்டெல்லுக்கு டயலொக்கின் பங்குகளில் 10.355 சதவீதம் கிடைத்தது. ஐந்து நான்காகி, நான்கு மூன்றாகிவிட்டது. இன்று டயலொக், எஸ்.எல்.ரி. மொபிட்டெல், ஹட்ச் ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன.

நான் இணைப்புகளுக்கு எதிரானவன் அல்லன். நலிந்த கொம்பனி ஒன்று தனியே நின்று ஒருநாள் திடீரென்று விழுவதைவிட, இன்னொன்றோடு சேர்ந்து பிழைப்பது எங்களைப் போன்ற கடைக்கோடி ஊர்களுக்கு நல்லது. விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு எயார்செல் கதையில் சொல்கிறேன். என் ஆதங்கம் கையெழுத்துக்கு மறுநாள் தொடங்கும் காலத்தைப் பற்றியது. அந்தக் காலத்தை நான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு வவுனியாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்தில் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இன்னொரு நிறுவனத்தோடு அது சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவாக, வயல் கரையில் ஒரு கோபுரம் இருந்தது. ஒரே வேலிக்குள் இரண்டு சிறிய அறைகள், இரண்டு ஜெனறேற்றர்கள், ஒரு கேற். முன்பு அந்தக் கேற்றில் ஒரு சங்கிலியும் அதில் இரண்டு ஆமைப்பூட்டுகளும் இருந்தன. ஒன்றோடொன்று கோத்த பூட்டுகள் என்பதால், எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி கழரும். இரண்டு தரப்பும் தங்கள் பாட்டில் வந்து போவார்கள்.

இணைந்த பிறகு ஒரு சுற்றுநிருபம் வந்தது. சொத்துக் கணக்கெடுப்பு முடியும்வரை, எந்தத் தளத்தையும் இரு தரப்பும் சேர்ந்தே திறக்க வேண்டும். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. சங்கிலியை எடுத்துவிட்டுக் கொண்டியில் இரண்டு பூட்டுகளையும் நேராகப் போட்டார்கள். இனி இரண்டு திறப்பும் வந்தால்தான் கேற் திறக்கும்.

மார்கழி மழையில் ஓர் இரவு கரண்ட் நின்றது. பற்றரிகள் சில மணித்தியாலம் தாங்கின. விடிய முன்னம் சிக்னல் போய்விட்டது. எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் மோட்டார் சைக்கிளில் டீசல் கானோடு போய் கேற்றடியில் நிற்கிறார். கையில் ஒரு திறப்பு. மற்றத் திறப்பு இருந்த பொடியன் ஒப்பந்த வேலைக்காரன். இணைப்புக்குப் பிறகு அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. திறப்பை அனுராதபுர அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒப்படைத்ததற்கு அவனிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது. அனுராதபுரத்தில் யாருடைய மேசை லாச்சியில் திறப்பு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

காணிக்காரர் குடையோடு வந்தார். கோபுரத்துக்காகத் தன் காணியில் ஒரு துண்டைக் குத்தகைக்குக் கொடுத்தவர். "தம்பி, என்ர காணிக்குள்ள போறதுக்கு எத்தினை பேற்ற திறப்பு வேணும்? கோடாலி கொண்டு வரட்டோ?" என்றார். எங்களுடைய ஆள் போனை எடுத்துப் பார்த்தார், பிறகு மடித்து வைத்தார். அங்கேதான் சிக்னல் இல்லையே. அவர் மோட்டார் சைக்கிளில் வீதிக்கு வந்து, செட்டிகுளம் தாண்டிப் போய் எங்களுக்கு அழைத்தார்.

பூட்டை வெட்டு என்று சொல்ல ஒருவர் போதும். ஆனால் சொல்ல ஆள் இல்லை. அந்த நேரம் எங்கள் பிரதேசத்துக்கு இரண்டு முகாமையாளர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் பழைய நிறுவனங்களில் ஒரே தரத்தில் இருந்தவர்கள், இருவரும் 'பதில்' முகாமையாளர்கள். யார் இருப்பது, யார் போவது என்ற கடிதம் கொழும்பிலிருந்து வரவில்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்று ஐந்து மாதம் போய்விட்டது. ஒருவர் வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தால், சுற்றுநிருபத்தை மீறினார் என்று மற்றவர் எழுதக்கூடும். மற்றவருக்கும் அதே பயம். இருவரும் நல்ல மனிதர்கள், வேலை தெரிந்தவர்கள். இருவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீட்டுக் கடன். இரண்டு நாள் அந்தக் கோபுரம் ஊமையாக நின்றது. மூன்றாம் நாள் அனுராதபுரத்தில் திறப்பு கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் அந்தப் பக்கத்தில் ரீலோட் கடை வைத்திருந்த அக்கா கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஆசுபத்திரியில் ஆளை வைத்துவிட்டு வந்தவர்கள் சைக்கிளில் பிரதான வீதிவரை வந்து போன் எடுத்தார்கள். நிறுவனத்தின் மாத அறிக்கையில் இது ஒரு வரி: 'தளம் செயலிழப்பு, காரணம்: அணுகல்.' அவ்வளவுதான்.

இணைப்பு முகாமைத்துவம் பற்றிப் பின்னர் நான் வாசித்ததையெல்லாம் அந்தக் கேற்றடியில் நின்றுதான் விளங்கிக்கொண்டேன். தாளில் நீதியாகத் தெரியும் சமபங்கு, தரையில் இரண்டு பூட்டாகிவிடுகிறது.

இதே பூட்டுகள் உலகத்தின் பெரிய நிறுவனங்களின் வாசலிலும் தொங்கின. இந்தியாவின் வொடபோனும் ஐடியாவும் 2017 மார்ச் 20 ஆம் திகதி இணைப்பை அறிவித்தன. 2018 ஓகஸ்ட் 31 இல் இணைந்தன. அன்று அவர்களுக்கு 40 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், இந்தியாவின் முதலிடம். 2016 செப்டெம்பரில் ஜியோ என்ற புதிய நிறுவனம் வந்து விலையைத் தரையில் போட்டதால்தான் எதிரிகளாக இருந்த இருவரும் கைகோத்தார்கள். அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பணிப்பாளர் சபையில் 12 பேர், ஆளுக்கு மூவர், மீதி ஆறு பேர் சுயாதீனமானவர்கள். தலைவரை நியமிப்பது ஐடியாவின் பக்கமான பிர்லா குழுமம். நிதிப் பொறுப்பாளரை நியமிப்பது வொடபோன். பிரதம நிறைவேற்று அதிகாரியை இருவரும் சேர்ந்து நியமிக்க வேண்டும். எங்கள் சுற்றுநிருபத்தைப் போலவே, எல்லாம் நீதி.

நடந்தது என்ன? இணைந்த சில மாதங்களிலேயே, கட்டாயக் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்த கையோடு, ஒரே காலாண்டில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி இணைப்புகள் போயின. வரும் அழைப்புக்காக மட்டும் போன் வைத்திருந்த ஏழைகள் அதில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். முதல் பிரதம நிறைவேற்று அதிகாரி பாலேஷ் சர்மா ஓராண்டு முடியுமுன்னே விலகினார். 2019 ஓகஸ்டில் ரவீந்தர் தக்கர் வந்தார். ஒரே நிறுவனம் இரண்டு பெயர்ப்பலகையோடு இரண்டு வருடம் ஓடியது. 2020 செப்டெம்பர் 7 இல்தான் 'வி' என்ற ஒற்றைப் பெயருக்கு வந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2019 ஒக்டோபர் 24 இல் இந்திய உச்ச நீதிமன்றம் உரிமக் கட்டணக் கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. வொடபோன் ஐடியாவின் தலையில் 58,000 கோடி ரூபாய் அளவில் விழுந்தது. அந்தக் காலாண்டில் அது அறிவித்த நட்டம் 50,000 கோடியைத் தாண்டியது, இந்திய நிறுவனங்களின் வரலாற்றில் அதுவரை எவரும் காட்டாத நட்டம். இதை முகாமைத்துவத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடி விழும் நேரத்தில் வீடு எப்படி இருந்தது என்பது முக்கியம். ஜியோவிலும் எயார்டெல்லிலும் யார் முடிவெடுப்பது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வொடபோன் ஐடியாவில் புதிய முதலீடு போடுவதா என்று இலண்டனையும் கேட்க வேண்டும், மும்பையையும் கேட்க வேண்டும். இரண்டு முதலாளிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாடிக்கையாளர் நடந்துகொண்டே இருந்தார். 2021 ஓகஸ்டில் குமார் மங்கலம் பிர்லா தலைவர் பதவியை விட்டார். கடனைப் பங்காக மாற்றி மாற்றி, 2025 இல் இந்திய அரசாங்கமே ஏறத்தாழ 49 சதவீதப் பங்கோடு மிகப் பெரிய பங்குதாரராகிவிட்டது. 40 கோடி வாடிக்கையாளர் 20 கோடி அளவில் வந்து நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் 2005 இல் ஸ்பிரின்ற், நெக்ஸ்டெல் என்ற இரண்டும் 'சமமானவர்களின் இணைப்பு' என்று சொல்லியே சேர்ந்தன. தலைமையகம் எங்கே என்று முடிவெடுக்க முடியாமல் கன்சாசிலும் வேர்ஜீனியாவிலுமாக இரண்டு வைத்தார்கள். இரண்டு வலையமைப்பும் வேறு வேறு தொழில்நுட்பம், ஒன்றோடொன்று பேசாது. கட்டட வேலைக்காரரும் லொறிக்காரரும் ஒரு பொத்தானை அழுத்தி வோக்கிடோக்கி போலப் பேசிய நெக்ஸ்டெல் போன்தான் அந்த நிறுவனத்தின் உயிர். அந்த உயிரைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. 2008 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 கோடி டொலரைக் கணக்கிலிருந்து அழித்தார்கள். 2013 ஜூன் 30 இல் நெக்ஸ்டெல் வலையமைப்பையே நிறுத்தினார்கள்.

எயார்செல்லுக்கு வருகிறேன். இது எங்களுக்குக் கிட்டிய கதை. 1999 இல் சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கிய நிறுவனம். 2006 இல் மலேசியாவின் மக்சிஸ் அதன் 74 சதவீதத்தை வாங்கியது. மக்சிஸின் முதலாளி ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூரில் பிறந்த யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர். 2024 நவம்பரில் காலமானார். எங்கள் ஸ்ரீலங்கா ரெலிகொமில் ஜப்பானின் என்.ரி.ரி. வைத்திருந்த பங்கை 2008 இல் வாங்கியதும் அவருடைய குழுமத்தோடு சேர்ந்த நிறுவனம்தான்.

2016 செப்டெம்பரில் எயார்செல்லும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கொமினிக்கேசன்சும் இணையப்போவதாக அறிவித்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2017 ஒக்டோபரில், இணைப்பு இல்லை என்று அறிவித்தார்கள். நடுவில் போன அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். கலியாணம் பேசி வைத்த வீட்டில் யாரும் புதிதாகக் கூரை போடமாட்டார்கள். ஜியோ கோபுரம் கோபுரமாக ஏற்றிக்கொண்டிருந்த வருடத்தில் எயார்செல் காத்துக்கொண்டிருந்தது. அதன் சொந்தக் கோபுரங்கள் 17,500 ஐ 2010 இலேயே 8,400 கோடி ரூபாய்க்கு விற்றாயிற்று. வாடகைப் பாக்கி ஏறியது. 2018 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் சிக்னல் விழுந்தது. வேறு கொம்பனிக்கு இலக்கத்தை மாற்ற ஒரு குறியீட்டு எண் வேண்டும், அந்த எண்ணை எடுக்க சிக்னல் வேண்டும். கடை வாசல்களில் சனம் நின்ற நாட்கள் அவை. அந்த மாதக் கடைசியிலேயே நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. இராமேசுவரத்து மீனவர் ஒருவருக்குத் தெரியுமா, கோலாலம்பூரிலும் மும்பையிலும் பேச்சுவார்த்தை முறிந்ததால்தான் தன் போன் செத்துக் கிடக்கிறது என்று?

இவற்றோடு பார்த்தால் டயலொக் எயார்டெல்லைச் சேர்த்துக்கொண்ட முறை ஒரு விடயத்தில் நல்லது. யாரோடு யார் சேர்ந்தார்கள், முடிவெடுப்பது யார் என்பதில் மயக்கம் வைக்கவில்லை. 075 இலக்கங்களும் அப்படியே தொடர்ந்தன. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி வேலைக்காரரின் பக்கம். இந்த நாட்டில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம், ஒழுக்கக் குற்றம் இல்லாத நிரந்தர ஊழியரை அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. அதனால்தான் இணைப்பு நடந்தால் 'சுயவிருப்ப ஓய்வு' என்ற கடிதம் வரும். தொகையைப் பேசலாம், யோசிக்கலாம், மறுக்கலாம். இங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அனுராதபுரத்தில் திறப்பை ஒப்படைத்துவிட்டுப் போனானே, அந்தப் பொடியனுக்கு இது உதவாது. அவன் ஆள் விநியோகிக்கும் இடைநிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில் இருந்தவன். ரீலோட் கடை அக்காவுக்கும் உதவாது, அவர் முகவர். கோபுரங்களைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். எந்த ஜெனறேற்றர் எந்த மழையில் மக்கர் பண்ணும், எந்த வீட்டில் திறப்புக் கேட்கலாம் என்பதெல்லாம் அவர்களுடைய தலைக்குள் இருக்கிறது. சொத்துக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பற்றரியையும் எண்ணினார்கள். இதை எண்ணவில்லை.

எங்கள் ஊர்களில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய பலநோக்குச் சங்கங்கள் ஆக்கினார்கள். அதில் நன்மையும் இருந்தது. ஆனால் கடன் கேட்டு வருபவரின் வயல் எது, குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்த மனேச்சர் போய், கோப்பைப் பார்த்துப் பதில் சொல்லும் மனேச்சர் வந்தார் என்று என் பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சொல்லப்போவதற்காகத்தான் இங்கே வரச் சம்மதித்தேன். நாங்கள் கூடியிருக்கும் இந்தச் செட்டிகுளத்தில்தான் 2009 இல் மெனிக்பாம் முகாம் இருந்தது. போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. அங்கிருந்து வெளியே வந்த குடும்பங்கள் வாங்கிய முதல் பொருட்களில் ஒன்று ஒரு சிம். அந்த இலக்கத்தை வெளிநாட்டு உறவுகளுக்குக் கொடுத்தார்கள், விண்ணப்பங்களில் எழுதினார்கள், காணாமல்போனவர்களைத் தேடப் போன இடமெல்லாம் கொடுத்தார்கள். வவுனியாவில் 2017 பெப்ரவரியிலிருந்து காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டகை போட்டு இருந்த தாய்மாரை உங்களுக்குத் தெரியும்.

அப்படியான ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இணைப்புக்குப் பிறகு ரீலோட் விதிகள் மாறியிருந்தன. இத்தனை நாளுக்குள் காசு போடாவிட்டால் இலக்கம் போய்விடும். குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள், அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இலக்கம் போய்விட்டது. நான் புது சிம் ஒன்றை நீட்டினேன், இலவசமாகத் தருகிறோம் என்றேன். அவர் வாங்கவில்லை. "தம்பி, மகனைத் தேடிக் குடுத்த கடுதாசி எல்லாத்திலயும் அந்த நம்பர்தான் இருக்கு. அவன் எடுத்தா வேற ஆரோ கதைப்பினம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பழைய நிறுவனத்தின் அதிகாரிக்கு எழுதினேன், புதிய நிறுவனத்தின் அதிகாரிக்கும் எழுதினேன். அந்த விடயம் மற்றவருடையது என்று இருவரும் பதில் போட்டார்கள். அதற்கிடையில் அந்த இலக்கத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார்கள்.

நான் அந்த வேலையை விட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த அம்மா படியிறங்கிப் போனதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

தொலைத்தொடர்புச் சட்டம் 2024 இல் திருத்தப்பட்டது, 1996 க்குப் பிறகு முதல் தடவையாக. சட்டம் திருத்த முடியும் என்றால் நாங்கள் கேட்கலாம். நான் மூன்று விடயம் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். இரண்டு நிறுவனங்கள் இணையும் நாளிலேயே, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரே ஓர் ஆளின் பெயரும் இலக்கமும் எழுதி ஒட்டப்பட வேண்டும், பூட்டை வெட்டச் சொல்லும் அதிகாரத்தோடு. ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளரையும் முகவரையும் குறைந்தது ஒரு வருடத்துக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். காணாமல்போனோர் அலுவலகத்தில் பதிவான குடும்பங்கள் கொடுத்திருக்கும் தொலைபேசி இலக்கங்களை, காசு போட்டாலும் போடாவிட்டாலும், எந்த நிறுவனமும் வேறு ஒருவருக்கு விற்கக் கூடாது. மூன்றே நிறுவனங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. மூன்று கடிதமும் ஆணைக்குழுவுக்கு ஒன்றுமாக நான்கு கடிதம் எழுதினால் போதும்.

கடிதங்களை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. போகும்போது வாசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.